30 ஆயிரம் கட்டினால் டிரேடிங் வந்துவிடுமா? கோர்ஸில் சேரும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்!

“வேலையை விட்டேன்... இப்போ மாசம் 2 லட்சம்!”

போனைத் திறந்தால் இப்படி ஒரு ரீல்ஸாவது கண்ணில் படுகிறது. பின்னால் ஒரு கார், மடியில் லேப்டாப், திரையில் பச்சை நிறத்தில் லாபக் கணக்கு. கீழே ஒரு லிங்க். முதலில் 99 ரூபாய்க்கு 2 மணி நேர வெபினார். அது முடியும்போது, ‘இன்று இரவு 12 மணிக்குள் சேருபவர்களுக்கு மட்டும்’ என்று 30 ஆயிரம் ரூபாய் கோர்ஸ். கூடவே இருந்து வழிகாட்டும் மென்டார் வேண்டுமென்றால் கட்டணம் இன்னும் ஏறும்.

கல்லூரி மாணவர் முதல் ஓய்வுபெற்ற அப்பா வரை பலரும் யோசிக்கும் கேள்வி இது. காசு கொடுத்தால் டிரேடிங்கைக் கற்றுக்கொள்ள முடியுமா?

கற்றுத்தந்தார் ஒருவர்... ஆனால்!

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பந்தயமே நடந்தது. 1983-ல் சிகாகோவின் பிரபல டிரேடர் ரிச்சர்ட் டென்னிஸ், ‘டிரேடிங்கை யாருக்கும் கற்றுத்தரலாம்’ என்றார். ‘அது பிறவியிலேயே வர வேண்டும்’ என்றார் அவருடைய நண்பர் வில்லியம் எக்கார்ட். டென்னிஸ் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார். முதல் குழுவுக்கு இரண்டே வாரம்தான் பயிற்சி. சிங்கப்பூரில் ஆமைப் பண்ணை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால், மாணவர்களுக்கு ‘ஆமைகள்’ என்று பெயர் வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் 17.5 கோடி டாலர் ஈட்டியதாகச் சொல்லப்படுகிறது.

டிரேடிங் கோர்ஸ் விற்பவர்கள் பலரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. டென்னிஸ் மாணவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து டிரேட் செய்யச் சொன்னார். வந்த லாபத்தில் அவர்களுக்குப் பங்கும் கொடுத்தார். மாணவர் தோற்றால் நஷ்டம் ஆசிரியருக்கு. இன்றைய கோர்ஸில் மாணவர் தோற்றாலும் ஆசிரியரின் கட்டணம் பத்திரமாக இருக்கிறது.

ஒரு பேட்ச்சில் 50 பேர், ஆளுக்கு 30 ஆயிரம் என்றால் 15 லட்சம் ரூபாய். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் நிச்சயமாகக் கிடைக்கும் வருமானம் இது!

100 பேரில் 93 பேர்

கோர்ஸ்கள் பெரும்பாலும் குறிவைப்பது எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்கைத்தான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2024 செப்டம்பரில் இதுபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இதில் இறங்கிய தனிநபர்கள் 1 கோடிக்கும் மேல். அவர்களில் 93% பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் போயிருக்கிறது. செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1% பேர். இதில் இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர், ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று சொன்னவர்கள்.

அப்படியானால் அந்தப் பணம் எங்கே போனது? பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும்தான். 2023-24-ல் அவர்கள் ஈட்டிய லாபத்தில் 95 சதவிகிதத்துக்கும் மேல், கம்ப்யூட்டர் தானாகவே வாங்கி விற்கும் ‘அல்கோ’ முறையில் வந்தது. வார இறுதி வகுப்பில் நாலு சார்ட் படித்துவிட்டு நாம் மோதப்போவது இவர்களோடுதான்.

‘அனுபவம் வந்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை இன்டெக்ஸ் ஃபியூச்சர்ஸில் புதிதாக டே டிரேடிங்கில் இறங்கியவர்களைப் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97% பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். நாள் கூடக் கூடத் திறமை கூடியதற்கான அடையாளமும் தெரியவில்லை.

ஸ்கிரீன்ஷாட் நிஜம்தானே?

நிஜமாகவே இருக்கலாம். ஆனாலும் அது எதையும் நிரூபிக்காது. 1,000 பேர் கோர்ஸில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதா மாதம் காசைச் சுண்டி, பூ விழுந்தால் லாபம் என்றால்கூட, சுமார் 125 பேருக்குத் தொடர்ந்து மூன்று மாதம் பூ விழும். அந்த 125 பேரின் பேட்டிதான் விளம்பரத்தில் வரும். மீதிப் பேரை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

குருவின் கணக்கே சிவப்பில் இருப்பதும் உண்டு. ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் பிரபலமான ஒருவர் மீது 2023 அக்டோபரில் செபி நடவடிக்கை எடுத்தது. கோர்ஸ் என்ற பெயரில் பதிவில்லாமல் ஆலோசனை கொடுத்து வசூலித்ததாக 17.2 கோடி ரூபாயை முடக்க உத்தரவிட்டது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த டிரேடிங்கில் 2.89 கோடி ரூபாய் நஷ்டம் என்பதும் அந்த உத்தரவில் வெளிவந்தது.

அப்போது எதையுமே கற்க முடியாதா?

முடியும். ஆர்டர் போடுவது எப்படி, மார்ஜின் என்றால் என்ன, ஸ்டாப்லாஸ் எங்கே வைப்பது, ஒரு டிரேடில் எவ்வளவு பணத்தை இறக்கலாம், எஃப் அண்ட் ஓ வருமானத்துக்கு வரிக் கணக்கு எப்படித் தாக்கல் செய்வது... இதெல்லாம் பாடமாகச் சொல்லித் தரக்கூடியவை. தெரிந்துகொண்டால் நஷ்டத்தின் அளவைக் குறைக்கலாம். ஆனால், அது லாபத்துக்கான உத்தரவாதம் ஆகாது. இந்த அடிப்படைகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. செபியும் என்.ஐ.எஸ்.எம் நிறுவனமும் சேர்ந்து முதலீட்டாளர்களுக்கென இலவச ஆன்லைன் சான்றிதழ் தேர்வு நடத்துகின்றன. அதற்கான பாடமும் இலவசம்.

பணம் கட்டும் முன் 5 கேள்விகள்

1. செபி பதிவு எண் இருக்கிறதா? பாடம் மட்டும் நடத்தப் பதிவு தேவையில்லை. ‘இதை வாங்கு, அதை விற்றுவிடு’ என்று சொல்லப் பதிவு கட்டாயம். எண்ணை செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

2. ‘லைவ்’ சந்தையைக் காட்டி வகுப்பா? பாடம் மட்டும் நடத்துபவர்கள் கடந்த 3 மாத விலை விவரங்களை வைத்து எந்தப் பங்கைப் பற்றியும் பேசக் கூடாது என 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்திவிட்டது.

3. லாபத்துக்கு உத்தரவாதம் தருகிறாரா? பதிவு பெற்ற ஆலோசகரே அப்படிச் சொல்லக் கூடாது. அந்த வார்த்தை வந்த உடனே எழுந்துவிடலாம்.

4. மூன்று வருடக் கணக்கைக் காட்டுவாரா? ஒருநாள் ஸ்கிரீன்ஷாட் போதாது. புரோக்கர் தரும் முழு ஆண்டு லாப நஷ்ட அறிக்கையைக் கேளுங்கள்.

5. அவர் லிங்க்கில்தான் கணக்குத் தொடங்க வேண்டுமா? அப்படியென்றால் நீங்கள் செய்யும் ஒவ்வொரு டிரேடிலும் அவருக்குக் கமிஷன் போகலாம். நீங்கள் ஜெயிப்பதைவிட, அடிக்கடி டிரேட் செய்வதுதான் அவருக்கு லாபம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், பதிவு பெற்றவர்கள் மீது செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆன்லைன் மோசடி என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை இருக்கிறதா? ஆறு மாதம் பணம் போடாமல், நோட்டில் மட்டும் எழுதி டிரேட் செய்து பாருங்கள். புரோக்கரேஜ், வரி எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கணக்கு போடுங்கள். நோட்டிலேயே பணம் கரைகிறது என்றால், மிச்சமானது உங்கள் சேமிப்பு. தங்கையின் படிப்புக்கென்று வைத்த பணத்தையோ, அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய பணத்தையோ மட்டும் எந்த மென்டார் சொன்னாலும் இதில் இறக்காதீர்கள். நஷ்டம் வந்தால் வட்டி கட்டப்போவது அவரில்லை!