சபை இசையில் பேஸ் கிதார்: தெரிந்தெடுத்தலும் கையாளுதலும்

நம்முடைய சபைகளில் பேஸ் கிதார் இன்று புதுமைப் பொருளன்று. ஆர்மோனியமும் தபேலாவும் மட்டுமே இருந்த பாடகர் மேடைக்குக் கீபோர்டு வந்தது. பின்னர் கிதார் வந்தது. இப்போது நான்கு தடித்த தந்திகளையுடைய பேஸ் கிதாரும், அதனோடு காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளும் வந்து சேர்ந்துள்ளன. இவற்றை வாங்க வேண்டுமென வாலிபர் சங்கத்தார் கேட்கும்போது குருவானவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, "இது உலகப்பிரகாரமானது" என்று மறுத்துவிடுகிறார். அல்லது, "எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று காசோலையில் கையொப்பமிடுகிறார். இரண்டுமே அறியாமையிலிருந்து பிறக்கும் முடிவுகள். சபையின் காணிக்கைப் பணம் செலவாகும் காரியத்தில், ஆராதனையை நடத்துகிறவர் சிறிதளவேனும் தெரிந்திருப்பது தகும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

புதுச்சேரியில் சாரம் பகுதியில் கூடும் சிறு சபை ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது கண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். அங்குள்ள வாலிபர்கள் ஓராண்டுக் காலம் பணம் சேர்த்து ஒரு பேஸ் கிதாரும், அதற்கென ஒரு பெருக்கியும், ஐந்து பெடல்களும் வாங்கியிருந்தனர். மூன்று ஞாயிறுகள் கழிவதற்குள் சபையில் மனத்தாங்கல் எழுந்தது. பின்வரிசையில் அமரும் வயதான அம்மையார் ஒருவர் போதகரிடம், "ஐயா, பாட்டு நெஞ்சுல வந்து இடிக்குது, வார்த்தை மட்டும் காதுல விழல" என்றாராம். வாலிபர்கள் இதைத் தலைமுறைச் சண்டையாக எடுத்துக்கொண்டனர். மூப்பர்கள் சிலர் கருவியையே விற்றுவிட வேண்டும் என்றனர். நாம் அங்கு அமர்ந்து கேட்டபோது அம்மையார் சொன்னது முற்றிலும் உண்மை என்று தெரிந்தது. அது இரசனை வேறுபாடன்று. ஒலியியல் பற்றிய உண்மை.

பேஸ் கிதாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்தது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தவை முறையே 55, 73, 98. இத்தகைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் மிகப் பெரிது. 41 அதிர்வுள்ள சுரத்தின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளும். ஆகவே அது தூண்களையும் மனிதரையும் எளிதாகச் சுற்றிக்கொண்டு பின்வரிசைவரை செல்கிறது. காங்கிரீட் கூரையும் பூசிய சுவரும் உள்ள கூடத்தில் சுவர்களுக்கிடையே மோதி, சில சுரங்கள் மட்டும் உறுமி நிற்க, வேறு சில காணாமற்போகின்றன. பெருக்கியை மூலையில் வைத்தாலோ, தரையும் இரு சுவர்களும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைப் பன்மடங்கு கூட்டிவிடும். சாரத்தில் பெருக்கி மூலையில்தான் இருந்தது. வேறெங்கும் இடமில்லை என்றனர்.

இதனோடு செவியின் இயல்பு ஒன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மூடி மறைக்கும். மேலுள்ள ஒலி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. நாம் பேசும் சொற்களின் தெளிவோ மேல் அதிர்வுகளில்தான் இருக்கிறது. 'வழி', 'வலி', 'வளி' என்னும் மூன்று சொற்களையும் பிரித்துக் காட்டும் வேறுபாடு விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளில் அடங்கியுள்ளது. வயது முதிர முதிரச் செவி முதலில் இழப்பதும் அம்மேற்பகுதியையே. எனவே, பேஸ் ஒலி அளவு மீறும்போது சொற்களை முதலில் இழப்பவர் முதியோரே. 'வழி' என்று பாடப்படுவதை 'வலி' என்று கேட்டுவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போவாரானால், அதைச் சிறிய காரியமாக நாம் எண்ணலாகாது.

இக்கருவியின் வரலாறு நீண்டதன்று. பெரிய டபுள் பேஸைச் சுமந்து திரிவதும், குழு இசையில் அதன் ஒலி அமிழ்ந்துபோவதும் இசைவாணருக்குத் தொல்லையாயிருந்தன. 1930-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் கிதாரைப் போல் கிடையாகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன்' பேஸ்தான் உலகெங்கும் பரவியது. பெயரின் பொருள் துல்லியம் என்பது. டபுள் பேஸில் இல்லாத மெட்டுக்கட்டைகள் இதில் இருந்தமையால் சுரம் பிசகாது என்பதே காரணம். 1960-இல் அவரது நிறுவனமே 'ஜாஸ்' பேஸை வெளியிட்டது. இன்று கடைகளில் காணப்படும் கருவிகளிற் பெரும்பாலானவை, எப்பெயரில் விற்கப்பட்டாலும், இவ்விரண்டில் ஒன்றின் வழிவந்தவையே.

தமிழ்ச் செவிக்கு இவ்வொலியை நெருக்கமாக்கியது திரையிசையே என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் அடித்தாளமாக நிற்பதில்லை. பாடுகிறவரின் மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனிவழியே நடக்கிறது. அவருக்குப் பல்லாண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் பல பாடல்களில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கேட்கலாம். நம் வாலிபர்கள் இவர்களைக் கேட்டே வளர்ந்தனர். ஆயினும் அவை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே சமன்செய்து பதிந்தவை. அதே ஒலியைக் காங்கிரீட் கூடத்தில் எதிர்பார்ப்பதுதான் பல பிழைகளின் தொடக்கம்.

இனிக் கருவியைத் தெரிந்தெடுப்பதற்கு வருவோம். நான்கு தந்தியா, ஐந்து தந்தியா என்ற கேள்வியே முதலில் எழும். ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் சொன்னால், நான்கு தந்திகளும் முறையே 3, 6, 2, 5 கட்டைகளின் சுரங்கள். ஐந்தாவது தந்தி இவற்றுக்கும் கீழே 7 கட்டையில், விநாடிக்கு ஏறத்தாழ 31 அதிர்வில் ஒலிப்பது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சபைகளிலுள்ள ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் எழுப்ப இயலா; சுவரில் மாட்டிய நெடும்பெட்டிகள் அதைவிட மும்மடங்கு உயர்ந்த ஒலியிலேயே தளர்ந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் சுரம் நமக்குக் கேட்பது, மேலடுக்கு அதிர்வுகளைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்வதனாலேயே. ஆகையால் சபைப் பாட்டுக்கு நான்கு தந்தி போதும் என்பது நம் கருத்து. கற்கத் தொடங்குகிறவர் சிறுவரோ சிறிய கையுடையவரோ ஆயின், வழக்கமான 34 அங்குலத் தந்தி நீளத்துக்குப் பதிலாக 30 அங்குலமுள்ள கருவி நலம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி புகழ்பெறச் செய்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் அத்தகையதே. ஆகவே குறுங்கருவி தாழ்ந்த கருவி அன்று.

பிரிசிஷன் வகையில் தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருள் இரண்டு பாதிகளாகப் பிளந்து அமைந்திருக்கும். 1957 முதல் வந்த அமைப்பு இது. மின்கம்பியின் இரைச்சலை ஒரு பாதி மற்றப் பாதியைக் கொண்டு நீக்கிவிடும். ஒலி தடித்தது, நடுப்பகுதியில் திண்மையுடையது. ஜாஸ் வகையில் இரண்டு தனிச் சுருள்கள். ஒலி தெளிவானது, வளைத்துக்கொள்ளத்தக்கது. ஆயின் ஒன்றை மட்டும் தனியே இயக்கினால் இரைச்சல் எழும். மின்னிணைப்பு பழுதுபட்ட பழைய கட்டடங்களில் கூடும் சபைகளுக்கு முதல்வகையையே பரிந்துரைக்கிறோம். கருவிக்குள்ளேயே 9 வோல்ட் மின்கலம் வைத்து ஒலியைத் திருத்தும் வகையும் உண்டு. நல்லதுதான், ஆனால் இணைப்புக் கம்பியைக் கழற்றாமல் வைத்துவிட்டால் மின்கலம் தீர்ந்து, அடுத்த ஞாயிறு காலை கருவி ஊமையாகும்.

கடையில் பார்க்கும்போது பெருக்கியில் இணைக்குமுன் வெறுமனே வாசித்துப் பார்க்க வேண்டும். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் நோக்கினால் முறுக்கு தெரியும். ஒவ்வொரு மெட்டுக்கட்டையிலும் அழுத்தித் தந்தி இரைகிறதா எனக் கேட்க வேண்டும். பன்னிரண்டாவது கட்டையில் அழுத்திய சுரமும், அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும் ஒன்றாயிருக்க வேண்டும். இல்லையேல் தந்தியின் நீளத்தைத் திருத்த வேண்டும். கருவி நான்கு கிலோ அளவு எடையுள்ளது. நின்றுகொண்டு அரைமணி நேரம் தோளில் மாட்டிப் பார்க்காமல் வாங்கலாகாது. சென்னை அண்ணா சாலையில், 1842-இல் வேறு பெயரில் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழங்கடைகளில் இவ்வாறு பார்த்து வாங்க முடியும். கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கருவிகளும் உண்டு. குறைந்த விலைக் கருவியை வாங்கி, தேர்ந்தவரிடம் கொடுத்துத் தந்தி உயரத்தைச் சீர்செய்வது, விலையுயர்ந்ததைச் சீர்செய்யாமல் வாசிப்பதைவிட மேலானது.

புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று தந்தியை விரைவில் அரிக்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்காவிடில் சில வாரங்களிலேயே ஒலி மங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரத்தில் மரக்கழுத்து வளைவதும் உண்டு. கழுத்தினுள் செல்லும் இரும்புக் கம்பியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் நேராக்க வேண்டும்.

கீர்த்தனைகளுக்கு பேஸ் வாசிப்பது தனிக் கலை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இயற்றியவை இராகத்திலும் தாளத்திலும் பிறந்தவை. மேனாட்டு ஞானப்பாட்டைப்போல் சுரக்கூட்டுகளின் மேல் கட்டப்பட்டவை அல்ல. அவற்றுக்கு ஒவ்வொரு அடியிலும் சுரக்கூட்டு மாற்றி பேஸ் வாசித்தால் இராகம் சிதையும். சட்சமத்திலும் பஞ்சமத்திலும் நின்று, சுருதிப் பெட்டியின் பணியைச் செய்வதே பெரும்பாலும் போதும். பாட்டை 2, 5 அல்லது 6 கட்டையில் வைத்துக்கொண்டால் திறந்த தந்தியே சட்சமமாகும். 1 கட்டையில் வைத்தால் 5 கட்டைத் தந்தி பஞ்சமமாகும். மேலும், மிருதங்கத்தின் தொப்பியும் தபேலாவின் இடப்பாகமும் ஒலிக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் பேஸும் ஒலிக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கேட்பதில்லை. எனவே தபேலா வாசிப்பவரும் பேஸ் வாசிப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி அமர்வது, எந்தப் பெடலாலும் தர இயலாத தெளிவைத் தரும்.

இனிப் பெடல்கள். இவற்றில் ஆசையே அதிகம், தேவை குறைவு. சுருதி காட்டும் பெட்டி முதலாவது தேவை. அதை மிதித்தால் ஒலி அடங்கும், ஆகவே ஜெப வேளையில் அமைதியாகச் சுருதி சேர்க்கலாம். அடுத்தது கம்ப்ரஸர்: உரத்த சுரத்தைத் தணித்து, மெல்லிய சுரத்தோடு சமப்படுத்துவது. விரல் பழகாத புதியவரின் வாசிப்பில் ஒரு சுரம் வெடிப்பதும் மறுசுரம் மறைவதும் இதனால் குறையும். மிகுதியாக வைத்தால் உயிரற்றுப் போகும். மூன்றாவது, சமன்செய்யும் பெட்டி. விநாடிக்கு 200 முதல் 300 வரையுள்ள அதிர்வுகளைச் சிறிது குறைத்தால் பாடுகிறவரின் குரலுக்கு இடம் கிடைக்கும். 'ஓவர்டிரைவ்' போன்ற கரகரப்புப் பெடல்கள் அடியொலியைத் தின்றுவிடும். அவசியமாயின் தூய ஒலியையும் கலக்கும் திருகுள்ளதை வாங்க வேண்டும். 'கோரஸ்', 'ஆக்டேவ்' ஆகியவை அழகானவை. ஆனால் எதிரொலிக்கும் கூடத்தில் ஒலியைக் குழப்புபவை. வாங்கும் பணத்தில் பாதியை இவற்றுக்குச் செலவிடுவதை நாம் ஆதரிப்பதற்கில்லை.

பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் மின்சாரத்தில், நடுமுனை எதிர்மின்னாக உள்ள இணைப்பில் இயங்குபவை. வீட்டில் கிடந்த ஏதோ ஓர் அடாப்டரைச் செருகி எரித்துவிட்டவர் பலர்.

மேடையிலிருந்து ஒலிக் கலவைப் பலகைவரை நீண்ட கம்பி செல்லுமானால், 'டி.ஐ.' எனப்படும் சிறு பெட்டி இன்றியமையாதது. கிதாரின் வலுக்குறைந்த ஒலியை இரைச்சல் சேராமல் தூரம் கடத்துவது அதன் பணி. அதிலுள்ள நிலஇணைப்பு நீக்கும் விசை, 'உம்' என்ற இரைச்சலை ஒலிக்கம்பியில் அறுக்கிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவ்விசை இல்லாதவிடத்துச் சிலர், மின்செருகியின் பெரிய மூன்றாவது முள்ளை முறித்துவிட்டு இரைச்சலைப் போக்குகின்றனர். அது உயிரைக் காக்கும் முள். 1972-இல் பிரித்தானியாவின் சுவான்சி நகரில் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, நிலஇணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 2005-இல் அமெரிக்காவின் வேக்கோ நகரில், ஞானஸ்நானத் தொட்டியின் நீரில் நின்ற இளம் போதகர் ஒருவர் ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். கிதாரின் தந்திகள் பெருக்கியின் உலோகத்தோடு இணைந்தவை என்பதையும், வாசிப்பவரின் உதடு ஒலிவாங்கியில் படுகிறது என்பதையும் குருவானவர் நினைவிற்கொண்டு, ஆண்டுக்கொருமுறையேனும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நிலஇணைப்பைச் சோதிப்பிக்க வேண்டும். சாரத்தில் நாம் பார்த்த மூன்று செருகிகளில் ஒன்றில் அம்முள் இல்லை. யார் முறித்தார் என்று எவருக்கும் தெரியவில்லை. அன்றே மாற்றினர்.

மற்றவற்றுக்குப் பெரிய செலவு ஏற்படவில்லை. பெருக்கியை மூலையிலிருந்து இழுத்துச் சுவருக்கு நான்கடி முன்னே, ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்தோம். கோரஸையும் ஆக்டேவையும் நிறுத்தினோம். நடுத்தாழ் அதிர்வைக் குறைத்தோம். வாசித்த தம்பியைப் பின்வரிசையில் அந்த அம்மையாரின் பக்கத்தில் அமரவைத்து, வேறொருவரை வாசிக்கச் சொன்னோம். இரண்டாவது சரணத்தில் அவரே எழுந்து போய் ஒலியை இன்னும் சிறிது குறைத்தார். ஐந்து பெடல்களில் மூன்று இப்போது அலமாரியில் இருக்கின்றன; பெருக்கி நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கூடத்தைக் கழுவுகிறவர் அதை அழித்துவிடுகிறார் என்பதே வாலிபர்களின் இப்போதைய குறை.