படகுக்குள் ஒரு கார் எஞ்சின்

குவேக்கர்ஸ் ஹில்லுக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனாலும் இங்கே வீட்டு வாசல்களில் டிரெய்லர்மேல் தார்ப்பாய் போர்த்திய படகுகளைப் பார்க்கலாம். காரணம், ஹாக்ஸ்பரி ஆறு. நம் ஸ்டேஷனில் நின்றுபோகும் ரிச்மண்ட் ரயில் வழியிலேயே விண்ட்சர் வருகிறது. அங்கே கவர்னர் ஃபிலிப் பூங்காவில் படகை ஆற்றில் இறக்கச் சரிவுத்தளம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த படகுகளை அக்டோபர் வெயிலில் வெளியே இழுப்பார்கள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடிப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினை இங்கே பேசவில்லை. படகின் உள்ளே, பெட்டிபோல மூடி வைத்திருக்கும் இன்போர்டு எஞ்சினைப் பற்றியே இந்தக் கட்டுரை. ஆஸ்திரேலியாவின் பழைய சறுக்குப் படகுகள் பலவற்றில் இருப்பது ஹோல்டன் கார் எஞ்சின். 1963-இல் வந்த சிவப்பு நிற ஆறு சிலிண்டர் எஞ்சினும், 1969-இல் வந்த 4.2 லிட்டர், 5 லிட்டர் வி8 எஞ்சின்களும் காருக்காகச் செய்யப்பட்டவை. குளிரூட்டும் முறையையும் புகைபோக்கியையும் மாற்றி அவற்றைப் படகில் ஏற்றினார்கள். ஹோல்டன் 2017-இல் ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. அந்த எஞ்சின்களில் பல இன்றும் தண்ணீரில் ஓடுகின்றன.

நமக்கு இது புதிதும் அல்ல. தமிழ்நாட்டு விசைப்படகுகளில் லாரிக்குப் பேர்போன அசோக் லேலண்டின் எஞ்சின்கள் ஓடுகின்றன. ஒரு வித்தியாசம், அவை டீசல். ஹாக்ஸ்பரியின் பழைய ஹோல்டன்கள் பெட்ரோல் குடிப்பவை. இந்த வித்தியாசத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

காரில் பெட்ரோல் கசிந்தால் அடியில் காற்றோடு போய்விடும். படகுக்கு அடியில் திறப்பு கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கசிந்தால் பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். ஆகவே சாவியைத் தொடுவதற்குமுன் எஞ்சின் பெட்டியைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு ஆவியை வெளியேற்றும் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும். பெட்ரோல் வாசனை அடித்தால் அன்றைக்கு அந்தக் கசிவைத் தேடுவதுதான் வேலை, கிளப்புவது அல்ல.

வாசனை இல்லை என்றால் அடுத்து காதுக்கு வேலை. சாவியைத் திருப்பியதும் ஒரு சத்தமும் வரவில்லையா? பெரிய கோளாறைத் தேடுமுன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போகாதபடி ஒரு சுவிட்ச் தடுக்கும். அவசரத்தில் எஞ்சினை நிறுத்த இழுக்கும் கயிறு தன் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பேட்டரி சுவிட்ச் ஆன் ஆகியிருக்க வேண்டும். இவற்றைப் பார்க்காமலே ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போகிறவர்கள் உண்டு.

‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டாலோ, எஞ்சின் சோம்பலாகச் சுற்றினாலோ, எல்லோரும் பேட்டரியைத்தான் குற்றம் சொல்வார்கள். பழைய படகில் என் முதல் சந்தேகம் ஒயரின்மேல்தான். முழுச் சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி இதில் தேறிவிட்டது, ஆனாலும் எஞ்சின் சோம்புகிறது என்றால் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முளையிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. இதே சோதனையை பேட்டரியின் நெகட்டிவ் முளைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையிலும் செய்ய வேண்டும். செப்புக் கம்பியில் ஈரம் நுழைந்தால் மேல் உறைக்குள்ளேயே பச்சை பூத்து அரித்துக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் புத்தம் புதிதுபோல இருக்கும். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டவர் தேவையில்லாமல் பேட்டரி வாங்கமாட்டார்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பொறியா, பெட்ரோலா என்பதுதான் கேள்வி. பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ‘பாயின்ட்’ எனும் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அவற்றின்மேல் மெல்லிய துரு போன்ற படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். நைசான உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்தாலே பல எஞ்சின்கள் உயிர்பெற்றுவிடும். பல எஞ்சின்களில் இந்த இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு அறிகுறி எனக்கு மிகவும் பிடித்தது. சாவியைப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பற்றுகிறது, விட்டதும் அணைந்துவிடுகிறது என்றால் காயிலுக்குப் போகும் பாலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு முழு வோல்ட் போகும். சாவியை விட்டதும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். நேர்மாறாக, சாவியை விடும் கணத்தில் மட்டும் ‘பக்’கென்று பற்றுகிறது என்றால் ஸ்டார்ட்டரே எல்லா மின்சாரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. திரும்பவும் அதே பேட்டரி, அதே ஒயர். பொறி வருகிறதா என்று பிளக் ஒயரைக் கழற்றிக் காற்றில் பொறி பறக்கவிடும் பழக்கம் மட்டும் படகில் வேண்டவே வேண்டாம். அதற்கென்று மூடிய சோதனைக் கருவி கடையில் கிடைக்கிறது.

பெட்ரோலைப் பொறுத்தவரை நியூ சவுத் வேல்ஸில் ஒரு தனிச் சங்கடம். விற்கும் பெட்ரோலில் ஒரு பங்கு எத்தனால் இருக்க வேண்டும் என்று 2007-இல் இங்கே சட்டம் வந்தது. எத்தனால் கலந்த இ10 பெரும்பாலான பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் இளக்கிவிடும். பழைய படகுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல்தான் ஏற்றது. வடிகட்டியில் இருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டாங்கையே காலிசெய்ய வேண்டும்.

இனி, கார் மெக்கானிக்குகளுக்குத் தெரியாமல் போகக்கூடிய ஆபத்து. பல படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் ஆற்றுநீர் கடைசியில் புகைக்குழாயில் கலந்து வெளியேறும். அதை வெளியே தள்ளுவது எஞ்சினின் புகை. பற்றாத எஞ்சினை நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்ப் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். தள்ளப் புகை இருக்காது. குழாய் நிரம்பிச் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் இறங்கிவிடலாம். அதனால் பத்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றக் கூடாது. பலமுறை முயல வேண்டியிருந்தால் நீர்வரும் வால்வை மூடிவிட வேண்டும். சுற்றிக்கொண்டிருந்த எஞ்சின் ‘தட்’டென்று நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹோல்டன் எஞ்சின்தானே என்று கார் உதிரிபாகக் கடையில் ஸ்டார்ட்டரோ ஆல்டர்னேட்டரோ டிஸ்ட்ரிபியூட்டரோ வாங்கி மாட்டிவிடத் தோன்றும். விலையும் குறைவு, அளவும் பொருந்தும். ஆனால் படகுக்கானவை உள்ளே எழும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவை. படகு கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் உள்ளேயே விழும். கார் கார்புரேட்டரில் வெளியே வழியும். பழைய படகு வாங்கப் போகிற நம்மவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முந்தைய உரிமையாளர் எந்தக் கடையில் சாமான் வாங்கினார்?

டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது, அதனால் விசாரணை சுருங்கிவிடும். நிறுத்தும் கேபிள் இழுத்தபடியே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கும், வடிகட்டியிலிருந்து வரிசையாக ‘ஏர்’ எடுக்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியும் அளவுக்குச் சூடு இல்லை.

எந்த எஞ்சின் ஆனாலும், கிளம்பியதும் மூடிய நீர்வால்வை உடனே திறந்து பின்பக்கம் எட்டிப் பாருங்கள். புகைக்குழாயிலிருந்து சில வினாடிகளில் தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். தண்ணீரில்லாமல் சுற்றும் பம்பின் ரப்பர் இறக்கை ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் கிழிந்துபோகலாம்.