படக்கூடமும் சுருக்கிய படமும்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் படத்தொகுதியில், 1936-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் டாரத்தியா லாங்கே என்னும் அம்மையார் எடுத்த, குழந்தைகள் சூழ அமர்ந்திருக்கும் ஏழைத் தாய் ஒருத்தியின் படம் உளது. இணையத்தின் வழியே அதனைப் பெற விரும்புவோர்க்கு, ஜேபெக் முறையில் சுருக்கிய சிறு கோப்புகளும், டிஃப் என்னும் பெருங்கோப்பும் அளவு குறித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு படத்திற்கு இத்தனை வடிவங்கள் எதற்கு என்று நேயர்கள் வினவக்கூடும்.

கணக்கிட்டுப் பாருங்கள். அகலத்தில் 3,000 புள்ளிகளும் உயரத்தில் 2,000 புள்ளிகளும் கொண்ட வண்ணப்படத்தில் 60 லட்சம் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட்டுகள். ஆக 1 கோடியே 80 லட்சம் பைட்டுகள். இத்தகைய படங்கள் நூறு வேண்டுமென்றால், கைப்பேசியில் எஞ்சிய சிறிதளவு டேட்டாவை வைத்துக்கொண்டு ஓர் ஏழை மாணவன் என் செய்வான்?

சுருக்கும் வழிகள் இரண்டு. பழைய கணக்கேடுகளில் வந்ததையே திரும்ப எழுதாமல் 'மேற்படி' என்பதற்கு ஒரு குறி இடுவார்களே, அது போன்றது ஒன்று. இதில் இழப்பு ஏதுமில்லை. ஆயினும் இயற்கைக் காட்சிகளில் அப்படியே திரும்பி வருவன குறைவாதலின் ஆதாயமும் குறைவே.

மற்றொன்று ஜேபெக். இது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலைகள், விரைந்து மாறும் அலைகள் ஆகியவற்றின் கலவையாகக் கணிக்கிறது. நுண்ணிய மாற்றங்களைக் கண் அவ்வளவாக உணராது. ஒளியை உணருமளவு நிறத்தையும் உணராது. அவ்விடங்களில்தான் ஜேபெக் சிக்கனம் பிடிக்கிறது. இதற்கு அடிப்படையான கணித முறையை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்டார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஜேபெக் தரமுறை 1992-இல் வந்தது. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினும் பெரும்பாலான புகைப்படங்களில் வேறுபாடு எளிதில் தெரியாது.

ஆனால் கழித்தது கழித்ததுதான், மீளாது. சுருக்கிய படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் மேலும் தேயும். ஓலைச்சுவடி எழுத்துகளின் கூரிய விளிம்புகளை மிகுதியாகச் சுருக்கினால் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் தோன்றும். எழுத்தை ஆராய்பவர்க்கு அது பயன்படாது. ஆகவே, சுருக்கிய படத்தை முன்வைத்து மூலத்தை அழித்துவிடும் கூடம் பெருந்தவறு செய்கிறது என்பேன். மூலத்தை மட்டுமே தருவேன் என்னும் கூடமோ எளியவரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. இரண்டையும், எத்தனை மெகாபைட்டு என்ற குறிப்போடு தருவதே முறை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நூறு ஜேபெக் படங்களை ஜிப் என்னும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'சுருக்கியது' என்று சிலர் பெயரிடுகின்றனர். முன்பே பிழிந்த கரும்பில் சாறு ஏது? எடை ஏறத்தாழ அப்படியே இருக்கும். நூறு முறை பதிவிறக்கும் வேலைதான் ஒரு முறையாகக் குறைகிறது.