டெரஸ் ஒழுகுதா? கொட்டேஷன்ல இந்த வரி இருக்கான்னு பாருங்க

மொட்டை மாடிக்குக் கோட்டிங் அடிச்சும் கீழே பெட்ரூம் சீலிங்ல ஓதம் காயலையா? போன வருஷம் எனக்கும் அதே கதைதான். ₹38,000 போச்சு, முதல் மழையிலேயே பழைய இடத்தில் கறை. அப்புறம்தான் பில்லை ஒழுங்கா படிச்சேன் (ஆடிட்டர் லட்சணம்!). வடிகால் பைப் வாய்க்குன்னு ஒரு வரி கூட இல்லை.

டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீரும் வாட்டத்தில் ஓடி அங்கேதான் சேரும். கோட்டிங் பைப் வாய்க்குள்ளே மடங்கி இறங்கணும். ஓரத்தோட நின்னுட்டா, தண்ணீர் அதுக்கு அடியில் புகுந்துடும். அதனால இந்த வேலையைத் தனி வரியா எழுதி வாங்குங்க. டைல்ஸ் ஒட்டும் முன்னாடி பைப்பை அடைச்சு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்க. கீழே சீலிங் காய்ஞ்சிருந்தா மட்டும் அடுத்த தவணை.

ரெராவில் பதிவான ஃப்ளாட்டா? சாவி வாங்கி 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறைன்னா, பிரிவு 14(3) படி பில்டர் 30 நாளில் இலவசமா சரி செய்யணும். புகாரை எழுத்தில் கொடுங்க.

வாடகைக்கு விட்ட வீடுன்னா, இந்த பில்லை வரிக்குத் தனியா காட்ட முடியாது. வாடகையில் கிடைக்கிற 30% கழிவிலேயே அது அடக்கம். நீங்களே குடியிருந்தா அதுவும் கிடையாது.