கடலோரச் சிற்பக் காட்சிகளை ஒளிப்படம் எடுத்தல்

கடலோரச் சிற்பக் காட்சி என்பது கடற்கரையிலும் அதை ஒட்டிய பாறை, புல்வெளி, நடைபாதை ஆகியவற்றிலும் சில வாரங்களுக்கு மட்டும் சிற்பங்களை நிறுவிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் கலை விழாவாகும். அருங்காட்சியகச் சிற்பம் ஆண்டுக்கணக்கில் ஒரே விளக்கொளியில் நிற்கும். கடலோரச் சிற்பமோ வெயில், காற்று, அலை, மக்கள் கூட்டம் ஆகியவற்றோடு சேர்ந்தே பார்க்கப்படுகிறது. விழா முடிந்ததும் அது வேறிடத்துக்குப் போய்விடும். சிற்பம் பின்னர் ஒரு தோட்டத்திலோ கட்டட முற்றத்திலோ நிலையாக வைக்கப்பட்டாலும், அந்தக் கடலின் முன் அது நின்ற தோற்றத்துக்கு ஒளிப்படமே சான்றாக எஞ்சுகிறது. எனவே சிற்பத்தின் வடிவத்தோடு அது நின்ற இடத்தையும் பதிவு செய்வது இவ்வகை ஒளிப்படக்கலையின் முதன்மையான நோக்கமாகும்.

காட்சியும் இடமும்

இத்தகைய விழாக்களில் பெரிதும் அறியப்பட்டது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடைபெறும் 'ஸ்கல்ப்சர் பை த சீ' ஆகும். டேவிட் ஹேண்ட்லி என்பவர் இதை 1997-இல் தொடங்கினார். போண்டாய் கடற்கரையிலிருந்து டமராமா கடற்கரை வரை செல்லும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளக் கடலோர நடைபாதையில், அக்டோபர் இறுதியையும் நவம்பர் தொடக்கத்தையும் ஒட்டி, நூறு அளவிலான சிற்பங்கள் வைக்கப்படுகின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. காட்சி மூன்று வாரத்திற்கும் குறைவாகவே நீடிக்கும். கொரோனா பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடைபெறாமல், 2022-இல் மீண்டும் தொடங்கியது.

இதே விழா மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை அடுத்த காட்டஸ்லோ கடற்கரையில் 2005 முதல் மார்ச் மாதத்தில் நடத்தப்படுகிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரிலும் 2009 முதல் 2015 வரை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்தப்பட்டது.

போண்டாய் பாதையில் சிற்பங்கள் மணற்கல் பாறைகளின் மேலும், மார்க்ஸ் பூங்காவின் புல்வெளியிலும், டமராமா கடற்கரை மணலிலும் நிறுவப்படுகின்றன. ஒரே சிற்பத்தைப் பாதையின் மேலிருந்து பார்த்தால் பின்னணியில் கடல் தெரியும். கீழே இறங்கிப் பார்த்தால் வானம் மட்டுமே தெரியும். ஆகவே படமெடுக்கும் முன் முழுப் பாதையையும் ஒருமுறை நடந்து பார்ப்பது பயனுடையது.

சூரியனின் திசை

சிட்னியின் கடல் கிழக்கே உள்ளது. அக்டோபர் இறுதியில் சூரியன் காலை ஆறு மணியளவில், கிழக்கிலிருந்து ஏறத்தாழ 15 பாகை தெற்கே தள்ளி, கடலுக்கு மேல் எழுகிறது. அப்போது கடலை நோக்கிப் படமெடுத்தால் சூரியன் சிற்பத்தின் பின்னால் இருக்கும். சிற்பம் கருமையான நிழலுருவாகத் தெரியும். வெளிக்கோடு அழகாக அமைந்த சிற்பங்களுக்கு இது ஏற்ற நேரம். மேற்பரப்பு வேலைப்பாடு மிக்க சிற்பங்களைக் காலையில் கடல் பக்கத்திலிருந்து நிலத்தை நோக்கியோ பக்கவாட்டிலோ எடுப்பது நல்லது.

நண்பகலில் சூரியன் வட வானில் இருக்கும். தென் அரைக்கோளத்துக்குப் புதியவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கடலை நோக்கி நிற்பவருக்கு அந்நேரத்தில் வெயில் இடப்பக்க மேலிருந்து விழும். அதன் உயரம் தொடுவானத்திலிருந்து 65 பாகைக்கும் மேலாக இருப்பதால் சிற்பங்களின் அடிப்பகுதிகளில் கரிய நிழல் விழும்; முகச் சிற்பங்களில் கண்குழிகள் இருண்டுவிடும். பிற்பகலில் சூரியன் படமெடுப்பவரின் முதுகுப்பக்கம் சென்றுவிடுகிறது. சிற்பத்தின் மேல் நேராக ஒளி விழுந்து, கடல் ஆழ்ந்த நீலமாகத் தெரியும் நேரம் இதுவே. ஆனால் மாலை நெருங்கும்போது மேற்கே உள்ள மேட்டின் நிழல் தாழ்வான இடங்களில் முன்னதாகவே விழுந்துவிடும்.

காட்டஸ்லோவில் இவை யாவும் தலைகீழாகும். அங்கே கடல் மேற்கே உள்ளது. மார்ச் மாதத்தில் மாலை ஆறரை மணியளவில் சூரியன் இந்தியப் பெருங்கடலில் மறைகிறது. போண்டாயில் விடியற்காலையில் கிடைக்கும் நிழலுருப் படம் காட்டஸ்லோவில் அந்திப்பொழுதில் கிடைக்கும். எந்தக் கடலோரக் காட்சிக்குச் சென்றாலும், கடல் எத்திசையில் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொண்டால் எந்த வேளையில் எந்தப் பக்கம் நிற்பது என்பது தெளிவாகிவிடும்.

ஒளியளவைத் திருத்துதல்

கேமராவின் ஒளிமானி தன் முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று கருதிக்கொண்டே கணக்கிடுகிறது. ஒளிரும் கடலும் வானமும் படச்சட்டத்தை நிரப்பும்போது, அது படத்தின் ஒளியைக் குறைத்துவிடும். கடல் அழகாகப் பதிய, சிற்பம் இருண்டுபோகும். இதைத் தவிர்க்க ஒளித்திருத்த அமைப்பை ஒரு படி கூட்டலாம். வெண்பளிங்குச் சிற்பம் சட்டத்தை நிரப்பினாலும் இவ்வாறே கூட்ட வேண்டும். துருவேறிய எஃகு, கருங்கல் போன்ற இருண்ட பரப்புகள் சட்டத்தை நிரப்பினால், மாறாக, குறைக்க வேண்டும்.

கைப்பேசியில் சிற்பத்தின் மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கருவிகளில் குவியமும் ஒளியளவும் அவ்விடத்துக்கு ஏற்ப நிலைத்துவிடும். வானமும் சிற்பமும் ஒரே படத்தில் தெளிவாக வேண்டுமெனில், வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை இணைக்கும் எச்.டி.ஆர். முறை உதவும். காற்றில் அசையும் சிற்பங்களுக்கு அம்முறை பொருந்தாது. விளிம்புகள் இரட்டையாகத் தெரியும்.

நிற்கும் இடமும் லென்ஸும்

கடலோரப் படங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை, தொடுவானக் கோடு சிற்பத்தின் கழுத்தையோ இடையையோ வெட்டிச் செல்வதாகும். சற்றே குனிந்தாலோ மேட்டில் ஏறினாலோ கோடு இடம் மாறிவிடும். தாழ்ந்து நின்றால் சிற்பம் வானத்தின் முன் தனித்து நிற்கும். உயர்ந்து நின்றால் கடல் முழுப் பின்னணியாக அமையும். தொடுவானம் சாய்ந்திருந்தால் சிற்பமே சாய்ந்து நிற்பதுபோல் தோன்றும். எனவே கேமராத் திரையில் கட்டக் கோடுகளை இயக்கி வைப்பது நல்லது.

அகன்ற கோண லென்ஸால் மிக அருகிலிருந்து எடுத்தால், கேமராவுக்கு அண்மையிலுள்ள பகுதி பெருத்துச் சிற்பத்தின் அளவுப் பொருத்தம் குலையும். விலகி நின்று 70 முதல் 100 மில்லிமீட்டர் வரையிலான குவியத்தூரத்தில் எடுத்தால், சிற்பி தந்த வடிவம் பெரிதும் மாறாமல் பதியும். பின்னணிப் பாறையும் கடலும் நெருங்கி வந்தாற்போல் தெரியும்.

சிற்பத்தின் அளவைக் காட்ட அருகில் ஒரு மனிதர் இருப்பது உதவும். 2014-இல் ஆண்ட்ரூ ஹேன்கின் டமராமா மணலில் வைத்த மாபெரும் வாணலியை ஆளில்லாமல் படமெடுத்தால், அது வீட்டு வாணலிபோலவே தோன்றக்கூடும். பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் அதன் பருமனும், வெயிலில் வறுபடும் கடற்கரை மக்களைப் பற்றிய அதன் நகைச்சுவையும் விளங்கும். எனினும் கடற்கரையில் குளிப்போரையும் குழந்தைகளையும் அடையாளம் தெரியும்படி அவர்கள் அறியாமல் படமெடுத்து வெளியிடுவது தவிர்க்க வேண்டியது.

பொருளுக்கு ஏற்ற முறை

மெருகேற்றிய எஃகுச் சிற்பங்களில் படமெடுப்பவரின் உருவமும் தெரியும். போலரைசர் வடிகட்டி நீரிலும் கண்ணாடியிலும் படும் எதிரொளிப்பைக் குறைக்குமே தவிர, உலோகத்தின் எதிரொளிப்பை நீக்காது. நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் விலகியும், தொலைவிலிருந்தும் எடுப்பதே வழி. வானின் நீலத்தை ஆழமாக்க இவ்வடிகட்டி பயன்படும். சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தான திசையில் அதன் விளைவு மிகுதி. அகன்ற கோண லென்ஸில் இதைப் பொருத்தினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துத் தெரியலாம்.

ஒளி ஊடுருவும் சிற்பங்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2013-இல் போண்டாயில் வைக்கப்பட்ட லூசி ஹம்ப்ரியின் 'ஹொரைசன்'. நீர் நிரப்பிய ஒளிபுகும் அக்ரிலிக் கோளமான அது, ஒளிவிலகலால் குவி லென்ஸாகச் செயல்பட்டுக் கடலை மேலும் வானத்தைக் கீழுமாகத் தலைகீழாகக் காட்டியது. இத்தகைய நீர்க்கோளத்தில் தொலைவிலுள்ள கடலின் பிம்பம் கோளத்தின் பரப்பில் விழுவதில்லை. பார்ப்பவர் பக்கத்தில், கோளத்துக்கு வெளியே ஏறத்தாழ ஓர் ஆரத் தொலைவில் உருவாகிறது. ஆதலால் கோளத்தின் விளிம்பில் குவியப்படுத்தினால் பிம்பம் மங்கலாகவும், பிம்பத்தில் குவியப்படுத்தினால் விளிம்பு மங்கலாகவும் அமையும். சில மீட்டர் விலகி நின்று, எஃப்/11 போன்ற சிறிய அபெர்ச்சரில் எடுத்தால் இரண்டும் ஓரளவு தெளிவாகக் கிடைக்கும்.

காற்றில் சுழலும் சிற்பங்களை நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அசைவு உறைந்துவிடும். 15-இல் ஒரு பங்கு வேகத்தில், முக்காலியில் வைத்து எடுத்தால் சுழற்சி தடமாகப் பதியும். இரண்டையும் எடுத்து வைப்பதே அச்சிற்பத்தின் முழுமையான பதிவாகும். நெரிசலான நடைபாதையில் முக்காலியை விரிப்பது பிறருக்கு இடையூறு. அதற்கு விடியற்காலையும் வேலை நாட்களும் ஏற்றவை.

உப்பும் மணலும்

அலைத் தூவல் காய்ந்ததும் லென்ஸின் மேல் உப்புப் படலம் படியும். அதன் வழியே எடுத்த படங்கள் மூட்டமாக இருக்கும். காய்ந்த உப்பையோ மணலையோ துணியால் நேரே தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதுகுமிழால் துகள்களை அகற்றி, பின் சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். மணலில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. நல்ல கோணத்துக்காகப் பாறை விளிம்புக்கோ அலை ஏறும் தளத்துக்கோ செல்வதும், சிற்பத்தின் மேல் ஏறுவதும் ஆபத்தானவை.

படத்துடன் இருக்க வேண்டிய தகவல்கள்

சிற்பம் முப்பரிமாணப் பொருள். ஒரு படம் அதன் ஒரு முகத்தையே காட்டும். முன், பின், இரு பக்கங்கள், மேற்பரப்பின் அண்மைக் காட்சி, சுற்றுப்புறத்துடன் கூடிய தொலைவுக் காட்சி என ஆறு படங்களாவது இருந்தால்தான் பார்க்காதவருக்கு அதன் உருவம் விளங்கும். சிற்பத்தின் அருகே வைக்கப்படும் பெயர்ப்பலகையையும் தனியே படமெடுத்துக்கொள்ள வேண்டும். படைப்பின் தலைப்பு, சிற்பியின் பெயர், பயன்படுத்திய பொருள், ஆண்டு ஆகியவை இல்லாத படம், சில ஆண்டுகளில் எந்தச் சிற்பம் என்றே அறிய முடியாததாகிவிடும்.

பதிப்புரிமை

சிற்பத்தின் ஒளிப்படத்தில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று படமெடுத்தவருடையது; மற்றொன்று சிற்பியுடையது. பொது இடத்தில் உள்ளது என்பதாலேயே சிற்பியின் உரிமை அற்றுப்போவதில்லை.

ஆஸ்திரேலியாவின் 1968-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு, பொது இடத்தில் 'தற்காலிகமாக அன்றி' வைக்கப்பட்டுள்ள சிற்பத்தைப் படமெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது. சில வாரங்களுக்கு மட்டும் வைக்கப்படும் விழாச் சிற்பம் இந்த விலக்கின் பாதுகாப்பில் வருவதில்லை. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பங்களுக்கே இவ்விலக்கை அளிக்கிறது. சென்னை மெரினாவில் 1959 முதல் நிற்கும், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை யாரும் படமெடுத்து வெளியிடலாம். அதே கடற்கரையில் ஒரு வாரக் காட்சிக்காக வைக்கப்படும் புதிய சிற்பத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. டென்மார்க்கில் விதி இன்னும் கடுமையானது. நிலையாக உள்ள சிற்பமே படத்தின் முதன்மைப் பொருளாக இருந்து, படம் வணிக நோக்கில் பயன்படுத்தப்பட்டால் உரிமையாளரின் இசைவு தேவை.

நடைமுறையில் பார்வையாளர்கள் நினைவுக்காகப் படமெடுப்பதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. படத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்கும்போதும், விளம்பரத்தில் சேர்க்கும்போதும், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் கட்டற்ற உரிமத்துடன் இணையத்தில் பதிவேற்றும்போதும் சிக்கல் எழுகிறது. கட்டற்ற உரிமம் அளிப்பவர் தம் பங்கை மட்டுமே அளிக்க முடியும். சிற்பியின் பங்கை அளிக்க அவருக்கு உரிமையில்லை. திறந்த கலைக்களஞ்சியங்களில் பல சமகாலச் சிற்பங்களின் கட்டுரைகள் படமின்றி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆஸ்திரேலியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் படைப்பாளியின் தார்மீக உரிமைகளும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. படைப்புடன் தம் பெயர் குறிக்கப்படுவதும், தம் நற்பெயர் கெடும் வகையில் படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பதும் அவற்றுள் அடங்கும். எனவே சமூக ஊடகத்தில் பகிரும்போதும் சிற்பியின் பெயரைக் குறிப்பிடுவது முறையாகும். கட்டற்ற உரிமத்தில் வெளியிட விரும்புவோர் சிற்பியிடம் எழுத்துவழி இசைவு பெற வேண்டும். காட்சி நடைபெறும் நாட்களிலேயே, படைப்பு இன்னும் கடற்கரையில் நிற்கும்போதே அதைக் கேட்பது எளிது. காட்சி கலைந்து சிற்பம் வேறொருவர் கைக்குச் சென்ற பின் சிற்பியைத் தேடிக் கண்டடைவது கடினம்.