ஓர் இலை போதும், ஒரு செடி பிறக்க!

சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் எங்கள் அம்மா குடியிருந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. அம்மா எங்களோடு ஹைதராபாத் வர ஒப்புக்கொண்டார். பாத்திரம் பண்டமெல்லாம் வந்து சேர்ந்துவிடும். கொல்லையிலும் முற்றத்திலும் அவர் வளர்த்த இருபது தொட்டிகளை என்ன செய்வது? ரயிலில் தொட்டியோடு ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் சும்மா இருப்பாரா? "தொட்டி எதுக்குடா, ஆளுக்கு ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போனால் போதாதா?" என்றார் அம்மா. ஈரத் துணியில் சுற்றிய ஏழு இலைகள் சார்மினார் எக்ஸ்பிரஸில் எங்களோடு பயணம் செய்தன.

அவற்றுள் பிழைத்தவை இரண்டுதான். மற்ற ஐந்தையும் கொன்றது வெயிலும் அல்ல, பூச்சியும் அல்ல, என் அக்கறைதான்! காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுக வைத்துவிட்டேன். மீதமிருந்த இரண்டை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவரிடம் கற்றதையும், பிறகு படித்தும் செய்தும் அறிந்ததையும் நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இலை எப்படிச் செடியாகிறது?

செடியின் உயிரணுக்கள் பலவற்றுக்கு மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பி, வேராகவும் தண்டாகவும் வளரும் ஆற்றல் உண்டு. இலையை வெட்டியதும் வெட்டுவாயில் முதலில் ஒரு பொருக்குப் போன்ற திசு உருவாகிக் காயத்தை மூடுகிறது. இலையில் உண்டாகும் 'ஆக்ஸின்' என்ற வளர்ச்சிப் பொருள் கீழ்நோக்கி இறங்கி வெட்டுவாயில் சேர்கிறது. அங்கே வேர் அரும்புகிறது. வேர் பிடித்த பின்பே குருத்து எழும். ஆகவேதான் இலைத்துண்டைத் தலைகீழாக நட்டால் பயனில்லை.

எல்லா இலையும் முளைக்குமா?

முளைக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். மணி பிளான்ட்டின் வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், சில சமயம் வேர்கூட விடும். ஆனால் தளிர் வராது. அதற்குக் கணுவோடு சேர்ந்த தண்டு வேண்டும். செம்பருத்தி, ரோஜா, குரோட்டன்ஸ் ஆகியவற்றுக்கும் தண்டுதான். இலையிலிருந்தே பிறக்கக்கூடியவை இவை:

ரணகள்ளி: தெலுங்கில் 'ரணபால' என்பார்கள். முழு இலையை ஈர மண்மேல் கிடத்தினால் போதும். இலை விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் குட்டிச் செடி தோன்றும். குழந்தைகளுக்குச் செய்து காட்ட இதைவிட நல்லது இல்லை.

ஸ்நேக் பிளான்ட்: நம் ஊர் வேலியோரத்து மருளின் உறவு. மருள் நாரில் அக்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். இதன் இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, அடிப்பக்கம் கீழாக இருக்குமாறு நட வேண்டும். மஞ்சள் கரையுள்ள வகையை இலைத்துண்டில் வளர்த்தால் குட்டிக்குக் கரை இருக்காது, வெறும் பச்சைதான். கரை வேண்டுமானால் கிழங்கைப் பிரித்து நட வேண்டும்.

ஆப்பிரிக்கன் வயலட்: இலையோடு சுமார் 3 செ.மீ. காம்பு விட்டுச் சாய்வாக வெட்டி, காம்பின் நுனியை மட்டும் புதைக்க வேண்டும்.

ரெக்ஸ் பிகோனியா: இலையைத் திருப்பிப் போட்டு, பெரிய நரம்புகளைப் பிளேடால் இரண்டு மூன்று இடங்களில் கீறி, கீறிய பக்கம் மண்ணில் படுமாறு கிடத்தி, மேலே சிறு கூழாங்கற்களை வையுங்கள். கீறிய இடங்களில் குட்டிகள் எழும்.

பெப்பரோமியா, ஜேடு, சதைப்பற்றுள்ள ரோஜா வடிவச் செடிகள், ஸீ ஸீ பிளான்ட் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். ஸீ ஸீ மட்டும் மகா சோம்பேறி. முதலில் மண்ணுக்குள் சிறு கிழங்கு கட்டிக்கொண்டு, குருத்து விட ஒரு வருடம்கூட ஆகலாம்.

செய்முறை

1. நோயில்லாத, முற்றியும் முற்றாத நடுத்தர இலையைக் காலை வேளையில் எடுங்கள். முதல் நாள் மாலை தாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்.

2. புதிய பிளேடைக் கொதிநீரில் முக்கி எடுத்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். அழுத்தி நசுக்கினால் அந்த இடம் அழுகும்.

3. சதைப்பற்றுள்ள இலைகளையும் ஸ்நேக் பிளான்ட் துண்டுகளையும் இரண்டு மூன்று நாள் நிழலில் உலர விடுங்கள். வெட்டுவாய் காய்ந்து மூட வேண்டும். வயலட், பிகோனியா போன்ற மெல்லிய இலைகளை உடனே நட்டுவிடுங்கள்.

4. கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, ஊற வைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு கலந்து கொள்ளுங்கள். தோட்ட மண்ணும் எருவும் இப்போது வேண்டாம். வேரில்லாத இலைக்கு உரம் போடுவது பல் முளைக்காத பிள்ளைக்கு முறுக்குக் கொடுப்பது போலத்தான்.

5. அடியில் ஓட்டையிட்ட தயிர் டப்பாவே போதும். கலவை கையால் பிடித்தால் உதிராமலும், பிழிந்தால் சொட்டாமலும் இருக்க வேண்டும்.

6. மெல்லிய இலைகளுக்கு மட்டும் மேலே பாலிதீன் பையைக் கூடாரம்போல் கவிழ்த்து, தினம் ஐந்து நிமிடம் திறந்து காற்று விடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. வெயிலில் வைத்தால் கூடாரம் இட்லிப் பானை ஆகிவிடும்.

வயலட் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். குட்டி தலைகாட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள்; இலேசாக இழுத்துப் பாருங்கள், பிடிப்பு தெரியும்.

வாட்டம் ஏன்?

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. அவை வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேர் இருந்தால் இழப்பை ஈடு செய்யும். வெட்டிய இலைக்கு அந்த வழி இல்லை. உயிரணுக்களில் நீர் குறைந்தால் காற்றுப்போன சைக்கிள் டியூப்போல இலை தொய்கிறது. பாலிதீன் கூடாரத்தின் வேலை இந்த இழப்பைக் குறைப்பதே.

ரணகள்ளி ஏன் எளிதில் வாடுவதில்லை என்பதற்கு தமிழ்நாட்டையும் தெலுங்கு நாட்டையும் இணைக்கும் ஒரு கதை உண்டு. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியரான பெஞ்சமின் ஹைனே, பின்னர் காக்கிநாடா அருகே சாமல்கோட்டில் கம்பெனியாரின் மிளகுத் தோட்டத்தைக் கவனித்தார். இவர் ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் புளிப்பாகவும் நடுப்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கண்டார். அக்குறிப்பு 1815இல் லண்டனில் அச்சாயிற்று. காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. இச்செடி பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரிவளியை வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் நீர் இழப்பு மிகக் குறைவு. (ஹைனே மென்றார் என்று நாமும் மெல்ல வேண்டாம், இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் அதில் உண்டு.)

வேர் பிடித்த செடி வாடினால், தண்ணீர்க் குவளையை எடுக்குமுன் விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். தொட்டியின் அடியில் வடியும்வரை தண்ணீர் விடலாம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது என்று பொருள். அப்போது மேலும் தண்ணீர் விட்டால் செடி போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பேறிக் கூழான வேர்களை வெட்டி, புதிய மணற்கலவையில் வையுங்கள். மண் ஈரமாக இருந்து பிற்பகலில் மட்டும் தொய்ந்து மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை, வெயில் களைப்புதான்.

ஹைதராபாதுக்கு ஏற்ற காலம்

நம் ஊர்க் காற்றில் சென்னையின் ஈரம் கிடையாது. மார்ச் முதல் மே வரை காற்று வறண்டு, வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது மெல்லிய இலைகளைத் தொடாதீர்கள். ஜூனில் மழை இறங்கிய பிறகு செப்டம்பர் வரை மிக நல்ல காலம். டிசம்பர், ஜனவரிக் குளிரில் வேர் மெதுவாகவே வரும்.

இங்குள்ள போர் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் கண்டால் அதுதான் அடையாளம். இளம் செடிகளுக்கு மழை நீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ நல்லது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? பருத்தித் துணியைத் திரிபோல் முறுக்கி நனைத்து, ஒரு முனையைத் தொட்டி மண்ணிலும் மறு முனையைச் சற்று உயரத்தில் வைத்த தண்ணீர் வாளியிலும் விடுங்கள். தொட்டிகளை ஜன்னலிலிருந்து உள்ளே நகர்த்திச் சேர்த்து வையுங்கள். போகுமுன் இரண்டு நாள் சோதித்துப் பார்ப்பது அவசியம். ஸ்நேக் பிளான்ட்டுக்கும் ஜேடுக்கும் இந்தத் திரி வேண்டாம். கிளம்பும் நாள் விட்ட தண்ணீரே போதும்.

பிழைத்த அந்த இரண்டில் ஒன்று ரணகள்ளி, மற்றொன்று ஸ்நேக் பிளான்ட். கும்பகோணத்து வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் அதன் கொல்லைப்புறம் கொஞ்சம் இருக்கிறது. அம்மா தினமும் காலையில் காப்பி டம்ளரோடு அங்கே போய் நின்று, புதுக் குருத்து வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுச் செடியிலிருந்து ஓர் இலை கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஓர் இலை நாங்கள் தருகிறோம்.