தோள் வலிக்கு நஷ்டஈடு

ஊசி குத்திக்கொண்ட கை இரண்டு நாள் வலிப்பது வழக்கந்தான். மூன்றாம் நாள் அதை மறந்துவிடுகிறோம். ஆனால், வெகு அபூர்வமாகச் சிலருக்கு அந்த வலி தோளிலேயே குடிகொண்டுவிடுகிறது. தலை வாரவும் சட்டை மாட்டவும் கையைத் தூக்க முடிவதில்லை, மாதங்கள் கழிகின்றன. இப்படி அவதியுறுகிறவர் யாரிடம் போய் முறையிடுவது?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தடுப்பூசியால் தீங்குற்றவர்களுக்கென்றே 1986-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் விசேஷம், அது குற்றவாளியைத் தேடுவதில்லை என்பதே. தடுப்பு மருந்தின் ஒவ்வொரு வேளைக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 ஸென்ட் வீதம் வரி வாங்கி ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். தீங்குற்றவர் வாஷிங்டனிலுள்ள கோர்ட்டில் மனுச் செய்து வென்றால், நஷ்டஈடு அந்த நிதியிலிருந்து வருகிறது. நல்லெண்ணத்துடனும் தக்க ஆதாரத்துடனும் தொடுத்த வழக்காயின், தோற்றாலும் வக்கீல் கூலி கிடைக்கும். (நம் வாசகர்களில் வக்கீல்கள் இருந்தால் பெருமூச்சு விட வேண்டாம்!)

சட்டத்தோடு ஓர் அட்டவணை உண்டு. அதில் கண்ட உபாதை, கண்ட நிபந்தனைப்படி வந்திருந்தால், ஊசியால்தான் வந்ததென்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. தோள் உபாதை இதில் ஏறியது 2017 மார்ச்சில். பொதுவாக அதற்குக் காரணம் மருந்தன்று, ஊசி இறங்கிய இடம். தோளின் தடித்த தசையில் இறங்க வேண்டிய ஊசி, சற்று மேலே போய் மூட்டருகிலுள்ள மெல்லிய திரவப் பையைத் தைத்துவிட்டால் அங்கே அழற்சி மூளுகிறது.

இதனாலேயே ஒரு விவாதமும் மூண்டது. குத்தியவர் கைப்பிசகுக்கு நிதி ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று வாதித்து, 2021 ஜனவரியில் சுகாதார இலாகா தோள் உபாதையை அட்டவணையிலிருந்து நீக்க உத்தரவிட்டது. ஏப்ரலில், அடுத்து வந்த சர்க்கார் அவ்வுத்தரவை ரத்து செய்தது. ரத்து செய்ததே நியாயம் என்பது நம் அபிப்பிராயம். ஊர் நன்மைக்கென்று கையை நீட்டியவரிடம், "போய் நர்ஸின்மேல் வழக்குப் போடு" என்பது அழகன்று.

நிபந்தனைகள் கடுமையானவை. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பு உபாதை இருந்திருக்கலாகாது. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் துன்பம் நீடித்திருக்க வேண்டும். வலி தொடங்கி மூன்று வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். வேதனைக்கென்று தரப்படும் தொகைக்கு உச்ச வரம்பு 2,50,000 டாலர்.

வழக்குகள் தடுமாறுவது பெரும்பாலும் தேதியில்தான். "தானே சரியாகும்" என்று பொறுத்திருந்து, சில மாதங்கள் கழித்து வைத்தியரிடம் போகிறார்கள். வலி என்றைக்குத் தொடங்கிற்று என்பதற்கு அப்போது சீட்டு ஏது? சில சமயம் எந்தக் கையில் குத்தினார்கள் என்பதே தவறாகப் பதிவாகியிருக்கும். ஊசி போட்ட அன்று மாலை, "தோள் தாங்கவில்லை" என்று மகளுக்குக் கைப்பேசியில் அனுப்பிய ஒரு வரிச் செய்திகூட அங்கே சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.